மூன்று சுற்று

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ‘மூணு சுத்து’ என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை. கையோ காலோ நசுங்கி இரத்தம் கொட்டுகிறவனுக்குக் காயத்துக்கு மேலே கட்டி முறுக்குகிறார்களே ஒரு பட்டை, டூர்னிக்கே, அது உருப்படியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற வேலை. பட்டையைத் தொடையைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளில் கோத்து இழுத்து, முனையைப் பட்டையின் மேலேயே ஒட்ட வேண்டும். பிறகு மேலே இருக்கும் பிளாஸ்டிக் குச்சியைத் திருக வேண்டும். திருகத் திருகப் பட்டை இறுகும், இரத்தம் நிற்கும், குச்சியைக் கொக்கியில் மாட்டிவிட்டால் முடிந்தது. மற்றவர்கள் ஐந்து சுற்று, எட்டு சுற்று என்று மல்லுக்கட்டுவார்கள். அவள் கையில் எப்பேர்ப்பட்ட பட்டையும் மூன்றாவது சுற்றில் அடங்கிவிடும்.

பரிசோதிப்பதற்கு ஒரு கால் இருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை ரப்பர், உள்ளே குழாய், குழாயில் சிவப்புத் தண்ணீர், அதை இதயம் மாதிரி அடித்துத் தள்ளப் பக்கத்திலேயே ஒரு மோட்டார். அந்தக் காலுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். துடைத்து, பவுடர் போட்டு, ஏசி அறையில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. ஆனால் அதற்கு ஒரு கீறல் விழுந்தால் கூடமே பதறும்.

முன்பெல்லாம் ஐந்து பேர் பரிசோதித்தார்கள். ஒரே பட்டைக்கு ஒருவர் மூன்று சுற்று என்று எழுதினார், ஒருவர் ஐந்து என்று எழுதினார், ஒருவர் எட்டில் மூச்சு வாங்கினார். ஆளுக்கொரு எண் வந்தால் எதை நம்புவது என்று கேட்டு மேலிடத்திலிருந்து அறிக்கை திரும்பி வந்தது. கூடத்தின் மேலாளர் சிரித்த முகத்தோடு கழுத்தறுக்கிற ரகம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டையை மாற்றச் சொல்லவில்லை, ஆட்களை மாற்றினார். நான்கு பேரை வேறு மேசைகளுக்கு அனுப்பிவிட்டு இவளை மட்டும் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எண்கள் மூன்று, மூன்று, மூன்று என்று பல்வரிசை போல வந்தன. மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. எட்டு சுற்று ஆனவரின் கைதான் ஊரில் இருக்கிற எல்லோருடைய கையும் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. உறைப்பதற்குப் பதிலாகப் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை.

அவளைவிடப் பெருமைப்பட்டவன் அவள் தம்பி. ஆம்புலன்சில் முதலுதவி ஆள். மணவாழ்க்கை இரண்டே வருடத்தில் முடிந்துபோன பிறகு அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். வீட்டில் அவன், அவன் மனைவி, இவள், அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டைப் பொட்டலத்தின் மேலும் பரிசோதித்தவரின் எண் சின்னதாக அச்சாகியிருக்கும். அவள் எண் நான்கு. தம்பி சேமிப்பறைக்குப் போய்ப் பொட்டலங்களைக் கிளறி, பழைய சரக்கை ஒதுக்கி, நான்காம் எண்ணாகப் பார்த்துப் பொறுக்கித் தன் வண்டியில் நிரப்பிக்கொள்வான். “எங்கக்கா பாஸ் பண்ணினதுடா, கண்ண மூடிட்டுக் கட்டலாம்” என்று டிரைவரிடம் அளப்பான். டிரைவர் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனார்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம், பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரின் மேல் ஜாக்கி சரிந்து வண்டி இறங்கியது. இடது தொடை போனது. தம்பிதான் போனான். நான்காம் எண் பட்டையை எடுத்தான், கட்டினான், திருகினான். இரத்தம் நிற்கவில்லை. இன்னும் திருகினான். ஏழாவது சுற்றில் குச்சி அவன் கையிலேயே இரண்டாக ஒடிந்தது. அடுத்த பொட்டலத்தைப் பிரித்துக் கட்டுவதற்குள் மெக்கானிக்கின் கண் நிலைகுத்திவிட்டது.

விசாரணை வைத்தார்கள். பட்டையில் கோளாறா, கட்டியவன் மேல் தவறா என்பது கேள்வி. கட்டியவன் மேல் என்று முடிவானால் தம்பியின் உரிமம் போய்விடும், இனி எந்த ஆம்புலன்சிலும் கால் வைக்க முடியாது. அதற்குப் பிறகு ஒரு உயிரைக் கொன்றவன் என்ற பெயர் இருக்கிறது, அது எங்கேயும் போகாது.

மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வரவழைத்தார். அவர் டீ வரவழைத்தால் ஏதோ வரப்போகிறது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“விசாரணைக் குழு முன்னாடி அந்தப் பட்டைய ஒரு தடவை செஞ்சு காட்டணுமாம். நீங்கதான் போகணும்.”

“சார், அது என் தம்பி.”

“தெரியும்மா. அதனாலதான் உங்களச் சொல்றேன். வேற யாராவது போனா, பட்டைக் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்துச் செய்யறாங்கன்னு பேச்சு வரும். சொந்த அக்காவே செஞ்சு காட்டினா எவன் வாயத் திறப்பான்?”

“நான் போகலைன்னா?”

“பழைய அறிக்கைய வெச்சு முடிவு பண்ணிடுவாங்க. அதுலயும் உங்க கையெழுத்துதானே இருக்கு. டீ ஆறுது, குடிங்க.”

அவள் டீயைக் குடித்தாள். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். பன்னிரண்டு வருடப் பழக்கம், கொடுத்ததைக் குடித்துவிட்டாள்.

வீட்டில் தம்பி மனைவி அவளோடு பேசுவதை நிறுத்திப் பல நாளாகிவிட்டது. பேசினால் ஒரே வாக்கியம்தான். “உங்க கையெழுத்துதானே அண்ணி” என்பாள், பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பாள். சண்டை போட்டிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தம்பியோ சோபாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், போட்டதைத் தின்பான், திரும்பவும் அங்கேயே போய் உட்காருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அன்று ஒடிந்த பட்டையின் தொகுப்பிலிருந்தே கொண்டுவந்திருந்த ஒரு பொட்டலத்தை அவன் மடியில் போட்டாள்.

“அன்னிக்கு எப்படிக் கட்டினியோ அப்படியே உன் தொடையில கட்டு.”

“எதுக்குக்கா இப்போ?”

“கட்டுடா.”

கட்டினான். ஒரு குறையும் சொல்ல முடியாது. பட்டையைச் சுற்றினான், கோத்தான், இழுத்தான், ஒட்டினான், குச்சியைத் திருகத் தொடங்கினான். நான்கு. ஐந்து. ஆறு. பட்டை சுருண்டு தடித்ததே தவிர இறுகவில்லை. குச்சி வில்லாக வளைந்து நடுவில் வெளுத்தது. ஏழாவதுக்குப் போகுமுன் அவள் கையைப் பிடித்தாள். பட்டைக்கும் தொடைக்கும் நடுவே அவளுடைய இரண்டு விரல்கள் தாராளமாகப் போயின.

“தொய்வு இருக்கே. நல்லா இழுக்கலையா?”

“முடிஞ்ச மட்டும் இழுத்தேன்கா. அந்த பக்கிள் பிடிச்சுக்குது. அன்னிக்கு எண்ணெய், ரத்தம், எல்லாம் வழுக்குது வேற.”

“குடு” என்று வாங்கி அவளே அவன் தொடையில் கட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தம்பி வலியில் பல்லைக் கடித்தான். பாதத்தில் நாடி நின்றுவிட்டது.

“அது என்ன சத்தம்?” என்றான்.

“எது?”

“திருகறதுக்கு முன்னாடி ‘சர்ரக்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சே. என்னமோ பண்ணினியே.”

“நான் ஒண்ணும் பண்ணலையே.”

“பண்ணினேக்கா. இன்னொரு தடவை செய்.”

இன்னொரு முறை செய்தாள், இந்த முறை தன் கையைத் தானே வேவு பார்த்துக்கொண்டு. அப்போதுதான் கண்டாள். இடது கட்டைவிரல் பக்கிளை லேசாகத் தூக்கிச் சாய்க்கிறது; வலது கை ஒட்டிய முனையைப் பெயர்த்து இழுக்க, முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது; உடம்பே ஒரு இம்மி பின்னால் சாய்கிறது; ‘சர்ரக்’. எஞ்சியிருந்த தொய்வு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. கண்ணிமைக்கிற நேரம்தான். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளும் யோசித்துக் கற்கவில்லை. ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து கை தானாகவே கற்றுக்கொண்டு, உடையவளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த வித்தை. அந்த பக்கிள் மோசமான பக்கிள். பட்டையை ஓடவிடாமல் கடித்துக்கொள்ளும் பக்கிள். பன்னிரண்டு வருடமாக அதன் கோளாறை அவள் கை மூடி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவள் சோதித்தது பட்டையை அல்ல, தன்னையேதான்.

அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வந்தது என்ன, எப்போதும் அங்கேயே இருந்ததுதான், பார்க்காமல் இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் கூடத்தின் டைப்பிஸ்ட் பெண் விளையாட்டாக, “நானும் மாப்பிள்ளைக்கு ஒரு கட்டுப் போடறேனே” என்று கேட்டாள். போட்டாள். எட்டாவது சுற்றில் குச்சி ‘டப்’பென்று ஒடிந்து விட்டத்தில் போய் அடித்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “தொய்வு எடுக்கத் தெரியல, திருக வந்துட்டா” என்று இவள்தான் சொன்னாள். ஒடிந்ததைக் குப்பையில் போட்டாள். பதிவேட்டில் எழுதவில்லை. டைப்பிஸ்ட் பரிசோதகர் இல்லையே, எதற்கு எழுத வேண்டும்?

“நாலாம் நம்பர்க்கா” என்றான் தம்பி, தொடையைத் தேய்த்துக்கொண்டே. “ரெண்டாவது பட்டை பக்கத்துலயேதான் இருந்துச்சு. நாலு சுத்துலயே அதை எடுத்திருக்கலாம். அப்படித்தான் சொல்லியும் குடுத்திருக்காங்க. நீ பாஸ் பண்ணினது, உடையவே உடையாது, இன்னும் ஒரு சுத்து போதும், இன்னும் ஒரு சுத்து போதும்னு...”

அவள் பட்டையை மடித்துப் பொட்டலத்துக்குள் வைத்தாள்.

அன்றே அவள் முடிவு செய்தாள். விசாரணையில் அந்த இழுப்பை இழுக்கக் கூடாது. எல்லோரும் கட்டுகிற மாதிரிக் கட்ட வேண்டும். குச்சி அவர்கள் கண் முன்னால் ஒடிய வேண்டும். நான்காம் எண்காரி கையிலேயே ஒடிந்தால் பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

சுலபம் என்று நினைத்தாள். வாழ்க்கையில் எதையும் மோசமாகச் செய்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தன் தொடையிலேயே கட்டிப் பழகினாள். சுற்று, கோத்து இழு, ஒட்டு, குச்சியைப் பிடி. ‘சர்ரக்’. சனியன் பிடித்த கை, கண்ணைச் சிமிட்டுவதற்குள் இழுத்துவிடும். முழங்கையை விலாவிலிருந்து தள்ளி வைக்க அக்குளில் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்: “இழுக்காத, இழுக்காத.” ஒரு வாரம் ஆனதும் பத்துக்கு நான்கு முறை இழுக்காமல் கட்ட வந்தது. இரண்டாம் வாரம் பத்துக்கு ஏழு. தொடை முழுக்கக் கன்றிப்போய் நடக்கும்போது நொண்டினாள். தம்பி மனைவி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுக் களிம்பை அவள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பாத்திரம் மட்டும் அன்று ‘ணங்’கென்று விழவில்லை.

விசாரணை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், முற்பகலில் நடந்தது. மாப்பிள்ளையை லிஃப்ட்டில் ஏற்ற முடியவில்லை. நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பார்த்துப்பா, பார்த்துப்பா என்று மேலாளர் கூடவே ஏறி வந்தார். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர், நல்ல முகம். ஒரு பக்கம் பட்டை செய்யும் கம்பெனியின் வக்கீல். சுவரோரம் ஒரு நாற்காலியில் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில், முகத்தை மட்டும் இஸ்திரி போட மறந்தவன் மாதிரி. எதிர்ச் சுவரோரம் மெக்கானிக்கின் மனைவி, மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அந்தப் பெண்ணை இவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

“ஆரம்பிங்கம்மா” என்றார் தலைவர்.

மோட்டாரைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் தொடையில் காயம் மாதிரி விட்டிருந்த ஓட்டையிலிருந்து சிவப்புத் தண்ணீர் விட்டு விட்டுப் பீய்ச்சித் தட்டில் விழுந்தது. பொட்டலத்தைப் பிரித்தாள். இழுக்காதே, இழுக்காதே. பட்டையைச் சுற்றினாள், கோத்தாள், ஒட்டினாள். முழங்கை விலாவைவிட்டு ஒரு சாண் தள்ளியே இருந்தது, அவளுக்கே நிம்மதியாக இருந்தது. குச்சியைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து, தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதோ என்னவோ, எதிர்ச் சுவரோரம் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு “ஐயோ” என்றாள்.

அவ்வளவுதான். இரத்தம் போகிறது, நிறுத்து என்பது மட்டும்தான் அந்தக் கைக்குத் தெரியும்.

‘சர்ரக்.’

ஒன்று. இரண்டு. மூன்று. தட்டில் விழுந்த சிவப்பு சொட்டாகி, நின்றது. மோட்டார் மட்டும் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார்.

“இல்ல” என்றாள் அவள். “சார், இது கணக்கில்ல. இது என் கைப் பழக்கம். நான் இழுத்துட்டேன்.”

“இழுக்கணும்னுதானேம்மா இதுல போட்டிருக்கு?” தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தார். “‘தொய்வை முழுமையாக நீக்கிய பிறகே திருகவும்.’ எட்டாவது வரி.”

“அந்த பக்கிள்ல சாதாரண ஆளால நீக்க முடியாது சார். எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“அதாவது, சரியான பயிற்சி இருந்தா வேலை செய்யும். அப்படித்தானே?” என்றார் வக்கீல்.

அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்றால் தம்பி போனான். இல்லை என்றால் மூன்று சுற்றில் நின்ற கால் கண் முன்னால் கிடக்கிறது.

“இன்னொரு தடவை செய்யறேன் சார். இழுக்காம செய்யறேன். குச்சி ஒடியும், பாருங்க.”

“வேணும்னே தப்பா செஞ்சு காட்டறேன்னு சொல்றாங்க” என்றார் வக்கீல், தலைவரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக.

“அப்போ என் தம்பியச் செய்யச் சொல்லுங்க.”

“அவர் மேலதானேம்மா விசாரணையே” என்றார் தலைவர்.

“சரி, வேற யாராவது செய்யட்டும். நீங்களே செய்யுங்க சார்! நீங்க டாக்டர்தானே!”

தலைவர் தன் கைகளைப் பார்த்தார். உண்மையிலேயே ஒரு கணம் யோசித்தார், அதை மறுக்க முடியாது. பிறகு, “எனக்கு இதுல பயிற்சி இல்லையேம்மா” என்றார்.

“அவனுக்கும் அதேதான் சார்!”

“அவருக்கு அரை மணி நேர வீடியோ காட்டினதாப் பதிவு இருக்கு” என்றார் பக்கத்தில் இருந்தவர், தாளைப் புரட்டி.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மனதில் மூடி வைத்திருந்த குப்பைத் தொட்டியைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் டைப்பிஸ்ட் கையில் குச்சி ஒடிந்ததையும், தான் சிரித்ததையும், எழுதாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னாள்.

“பதிவு ஏதாவது இருக்கா?” என்றார் தலைவர்.

“இல்ல சார். அதான் சொல்றேன், நான் எழுதல.”

மேலாளர் எழுந்தார். “அந்தப் பெண்ண முன்கூட்டியே விசாரிச்சோம் சார். அப்படி எதுவும் ஞாபகம் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.” தாளை நீட்டினார். டைப்பிஸ்ட் இன்னும் அதே கூடத்தில் அதே நாற்காலியில்தானே இருக்கிறாள், ஞாபகம் இருக்குமா என்ன?

“அக்கா பாசம்” என்றார் வக்கீல் மெதுவாக. “புரியுது. யாரா இருந்தாலும் இப்படித்தான் பேசுவாங்க.”

மேசைக்குப் பின்னால் மூன்று தலைகளும் பரிதாபமாக ஆடின. சொந்த அக்கா என்பதால் அவள் கை செய்ததை நம்பினார்கள். சொந்த அக்கா என்பதாலேயே அவள் வாய் சொன்னதை நம்பவில்லை. இதைவிடக் கச்சிதமாக ஒருத்தியைக் கட்டிப்போட எந்தப் பட்டையாலும் முடியாது. நான் நாள் முழுக்க யோசித்தாலும் அந்த மேலாளரின் மூளைக்கு முன்னால் நிற்க முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மெக்கானிக்கின் மனைவி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அதுவரை அவள் அவனைப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். மூன்று சுற்றில் நின்றிருக்க வேண்டிய இரத்தம் என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டாளே. தம்பி அந்தப் பார்வையை விலக்காமல் வாங்கிக்கொண்டான்.

பிற்பகல் மூன்று மணிக்கு முடிவைப் படித்தார்கள். கருவியில் குறைபாடு இல்லை. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு. உரிமம் ரத்து. படியில் இறங்கும்போது மேலாளர் அவள் பக்கமாக வந்து, “அவ்வளவு நெருக்கடியிலயும் கை நடுங்கலையேம்மா, சபாஷ். உணர்ச்சிவசப்பட்டு ஏதோ பேசிட்டீங்க, நான் மனசுல வெச்சுக்கல. நாளைக்கு லீவு எடுத்துக்குங்க” என்றார். மாப்பிள்ளை நான்கு பேர் தோளில் அவர்களுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தாள். அவன் இரண்டு நிறுத்தங்கள் கழித்து, “அந்தம்மா மடியில வெச்சிருந்தாங்களே கோப்பு, அதுல என்ன இருந்திருக்கும்?” என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா. பக்கிள்தான்டா தப்பு. நான்தான் தப்பு.”

“ம்” என்றான்.

வீட்டில் தம்பி மனைவி கதவைத் திறந்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இவள் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. இழுத்துட்டேன், இழுக்கக் கூடாதுன்னுதான் போனேன், இழுத்துட்டேன் என்று தம்பி மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் அதுவும் அக்கா பாசம் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

வீட்டின் முன்னறையில் பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டுவந்ததோடு இருந்த இன்னொன்று. யாரும் அதை எடுத்து ஒளித்து வைக்க நினைக்கவில்லை.

பட்டையைச் சுற்றுகிற சத்தம், கோக்கிற சத்தம், ஒட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிரிக்கிற சத்தம். மறுபடி சுற்றினான். மறுபடி பிரித்தான். தம்பி மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். ஆறேழு முறை இருக்கும். அவன் விசாரணையில் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் இவளுக்குப் புரிந்தது. இவள் முகத்தை அல்ல, முழங்கையை.

‘சர்ரக்.’

தன் கையிலிருந்து மட்டுமே இதுவரை இவள் கேட்டிருந்த சத்தம். குச்சி திரும்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதற்காக அவள் காத்திருந்தாள், கடவுளே, நான்காவது வரட்டும், ஏழு வரட்டும், ஒடியட்டும். குச்சி கொக்கியில் மாட்டுகிற ‘டக்’ கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பட்டை தொடையில் பதிந்து கிடந்தது. பாதத்தில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினான், வேறு இடத்தில் வைத்துத் தேடினான், இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஆறு வாரமாக வராத அழுகை அப்போதுதான் அவன் முகத்துக்கு வந்தது.

“இவ்வளவுதானாக்கா?” என்றான்.